வேனுக்குள் விளக்கு: 12 வோல்டில் நாமே செய்து மாட்ட

காட்பாடியில் இருக்கும் என் மச்சானிடம் பழைய மாருதி ஆம்னி வேன் ஒன்று இருக்கிறது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு பலகைக் கட்டில், அடியில் அடுப்பும் பாத்திரமும் வைக்க இரண்டு பெட்டி, ஜன்னலுக்குத் திரை என்று போட்டிருக்கிறார். குடும்பத்தோடு ஏலகிரி, ஜவ்வாது மலை என்று போய் ஓரிரவு தங்கிவிட்டு வர அது போதும். அந்த வண்டிக்கு விளக்கு போடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சுருளாக விற்கும் எல்இடி ஸ்ட்ரிப் வாங்கி, இரண்டு மீட்டர் வெட்டி, கூரையோரம் ஒட்டி, ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன். பளிச்சென்று எரிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆறு மாதம் போயிருக்கும். மச்சான் பெண் போன் செய்தாள். "மாமா, லைட்டு பாதிதான் எரியுது." போய்ப் பார்த்தால் ஒரு மூன்று பல்பு எரிகிறது, அடுத்த மூன்று இருட்டு, அப்புறம் ஆறு எரிகிறது, மறுபடி மூன்று இருட்டு. ஸ்ட்ரிப்பை உரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒவ்வொரு மூன்று எல்இடிக்கும் நடுவே அரிசிமணியில் பாதி அளவில் ஒரு கறுப்புச் சில் இருக்கும். மேலே 151 என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். அணைந்துபோன இடங்களில் அந்தச் சில்லைச் சுற்றி வெள்ளைப் பட்டை டீக்கறை மாதிரி பழுப்பேறியிருந்தது.

மட்டமான சரக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்தபோது வேறொன்று உறைத்தது. மாதத்துக்கு ஒரு தடவையாவது அவர்கள் ராத்திரி நேரத்தில் பெங்களூரு கிளம்புவார்கள். நெடுஞ்சாலையில் நாலைந்து மணி நேரம். பின்னால் பிள்ளைகள் விளக்கைப் போட்டுக்கொண்டு விளையாடிக்கொண்டே வருவார்கள். விளக்கு அதிக நேரம் எரிந்தது வண்டி நிற்கும்போது அல்ல, ஓடும்போது. நான் 12 வோல்ட் பேட்டரிக்கு 12 வோல்ட் ஸ்ட்ரிப் என்று கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிட்டேன். ஓடும் வண்டியில் 12 வோல்ட் இல்லை. புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில், ஏன் 12 வோல்ட் என்ற கேள்வி. ஒரு சின்ன இன்வெர்ட்டர் வைத்து வீட்டு பல்பையே எரிக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். எரியும். ஆனால் 12-ஐ 230 ஆக ஏற்ற ஒரு பெட்டி வேண்டும். அந்த 230-ஐ மறுபடி எல்இடிக்குத் தக்கபடி இறக்க பல்புக்குள்ளேயே ஒரு சர்க்யூட் இருக்கிறது. ஏற்றி இறக்குவதில் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் மின்சாரம் சூடாக வீணாகும். எந்த பல்பும் எரியாதபோதுகூட ஆன் செய்து வைத்த இன்வெர்ட்டர் சில வாட் தின்றுகொண்டிருக்கும். அதோடு, மழை ஈரத்தில் சுவர் முழுக்கத் தகரமாக இருக்கும் கூண்டுக்குள் பிள்ளைகள் படுக்கிற இடத்தில் 230 வோல்டை ஓட்ட எனக்கு மனசு வரவில்லை. 12 வோல்டைக் காய்ந்த கையால் தொட்டால் ஒன்றும் தெரியாது. அதற்கென்று ஆபத்தே இல்லாதது என்று எண்ணிவிடாதீர்கள். அதன் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, ஃபியூஸ் பற்றிச் சொல்லும்போது அதற்கு வருகிறேன்.

இப்போது பேட்டரி. மேலே 12 என்று எழுதியிருப்பது ஒரு பெயர், அவ்வளவுதான். முழுக்க சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரியில், அதாவது வண்டிகளில் வழக்கமாக இருக்கும் வகையில், மல்டிமீட்டர் (வோல்டும் ஆம்பியரும் அளக்கும் கருவி) வைத்தால் 12.6, 12.7 காட்டும். பாதி தீர்ந்தால் 12.2 அளவுக்கு வரும். 11.9-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. வண்டியை ஸ்டார்ட் செய்தால் கதை மாறிவிடும். நம் மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர் பேட்டரியை ஏற்ற வேண்டுமானால் பேட்டரியைவிட உயர்ந்த வோல்டில் தள்ள வேண்டும். ஆகவே 13.8 முதல் 14.4 வரை நிற்கும். கூரையில் சோலார் போட்டு சார்ஜ் செய்தாலும் இதே 14.4 பக்கம்தான். இப்போது பரவலாகி வரும் லித்தியம் பேட்டரி, அதாவது இரும்பு பாஸ்பேட் வகை, சும்மா இருக்கும்போதே 13.2 பக்கம் நிற்கும்.

ஆக, நம் விளக்கு 12-க்கும் 14.4-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் வாழ வேண்டியிருக்கும். பழைய குண்டு பல்புக்கு இது பெரிய விஷயமில்லை. வோல்ட் ஏறினால் அதன் இழை இன்னும் சூடாகும், சூடானால் இழையின் தடையும் கூடும், அது ஓடும் மின்சாரத்தைத் தானே கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். எல்இடி அப்படி இல்லை.

மழைக்காலத்தில் காவேரிப்பாக்கம் ஏரியைப் பார்த்தவர்களுக்கு எல்இடியின் குணம் சட்டென்று பிடிபடும். ஏரியில் தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருக்கும்வரை அந்தப் பக்கம் ஒரு சொட்டும் விழாது. மட்டத்தைத் தொட்டதும் ஏரி கோடி போக ஆரம்பிக்கும். அதற்குமேல் நீர்மட்டம் விரற்கடை ஏறினால் போதும், அந்தப் பக்கம் கால்வாய் கொள்ளாமல் ஓடும். எல்இடியிலும் ஒரு மட்டம் இருக்கிறது. வெள்ளை எல்இடிக்கு அது 3 வோல்ட் அளவு. அதற்கு நன்றாகக் கீழே கொடுத்தால் எரியாது. அந்த மட்டத்துக்கு மேல் கொஞ்சம் கூட்டினாலும் ஆம்பியர் தாறுமாறாக ஏறும், ஏறினால் சூடாகும், சூடானால் இன்னும் ஏறும், அப்புறம் கருகும். சிவப்பு எல்இடிக்கு மட்டம் 2 வோல்ட் அளவுதான். வெள்ளைக்கு ஏன் அதிகம் என்றால், வெள்ளை எல்இடிக்குள்ளே இருப்பது நீல எல்இடி. அதன்மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சு போட்டிருக்கும், நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பிரகாசமான நீல எல்இடியைச் செய்ததற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அவர்கள் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

ஏரிக்கு வெளியே கால்வாயை வேண்டுமென்றே குறுகலாக வெட்டிவிட்டால் என்ன ஆகும்? வெள்ளம் அளவாக ஓடும். ரெசிஸ்டர் செய்யும் வேலை அதுதான். அந்த 151 சில் ஒரு ரெசிஸ்டர். 15-க்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போடு என்று அர்த்தம், அதாவது 150 ஓம். மூன்று வெள்ளை எல்இடி வரிசையாக, கூடவே ஒரு 150 ஓம். இந்த ஜோடனை ஒன்றுதான் 12 வோல்ட் ஸ்ட்ரிப். அதையே ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போயிருப்பார்கள். ஒரு மீட்டருக்கு 60 எல்இடி உள்ள ஸ்ட்ரிப்பில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை கத்தரிக்கோல் படம் போட்ட கோடு இருப்பதும், என் ஸ்ட்ரிப் மூன்று மூன்றாகச் செத்ததும் இதனால்தான்.

கணக்கு போடலாம். பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதிதான், பயப்பட ஒன்றுமில்லை. மூன்று எல்இடியும் சேர்ந்து 9 வோல்டை எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட் கொடுத்தால் மீதி 3 வோல்ட் ரெசிஸ்டருக்கு. 3-ஐ 150-ஆல் வகுத்தால் 0.02 ஆம்பியர், அதாவது 20 மில்லி ஆம்பியர். இந்த மாதிரி எல்இடிக்குச் சரியான அளவு. இப்போது வண்டியை ஸ்டார்ட் செய்கிறோம், 14.4 வோல்ட். எல்இடிகள் அதே 9 பக்கம்தான் நிற்கும். மீதி 5.4 வோல்டும் ரெசிஸ்டர் தலையில். 5.4-ஐ 150-ஆல் வகுத்தால் 36 மில்லி ஆம்பியர். எல்இடியின் மட்டமும் ஒரு துளி ஏறும் என்பதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறையும், ஆனால் பெரிதாக மாறாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். வோல்ட் 12-இலிருந்து 14.4 ஆனது ஐந்தில் ஒரு பங்கு உயர்வு. ஆம்பியர் 20-இலிருந்து 36. ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரெசிஸ்டரில் உண்டாகும் சூடோ மூன்று மடங்குக்கும் மேல். அந்த அரிசிமணிச் சில் மணிக்கணக்கில் அந்தச் சூட்டில் இருந்தால் பழுப்பேறாமல் என்ன செய்யும்? அதுவும் வேலூரில். அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் நாள் முழுக்க வெயிலில் நின்ற வண்டியின் கூரைத் தகடு, சாயங்காலம் விளக்கு போடும்போதே கொதித்துக்கொண்டிருக்கும்.

காரணம் தெரிந்தால் வைத்தியம் மூன்று விதமாகச் செய்யலாம்.

எளிய வழி, வண்டி ஓடும்போது அந்த விளக்கைப் போடாமல் இருப்பது. சார்ஜ் ஏறும்போது ஒருபோதும் விளக்கு எரியாது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் வெறும் ஸ்ட்ரிப்பே பல வருஷம் உழைக்கும். பிள்ளைகள் இருக்கும் வண்டியில் நான் அதை நம்பமாட்டேன். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியே கிடையாது, நிற்கும் வண்டியிலும் அவர்களுக்குப் பெரும்பாலும் 13-க்கு மேல்தான் இருக்கும்.

இரண்டாவது வழி, ஸ்ட்ரிப்புக்கு முன்னால் ஒரு ஸ்டெப் டவுன் மாட்யூலைப் போடுவது. கைக்குள் அடங்கும் ஒரு சின்ன சர்க்யூட். உள்ளே எவ்வளவு வோல்ட் வந்தாலும், வெளியே நாம் வைத்த வோல்டைத்தான் விடும். அதன்மேல் பித்தளைத் தலையுள்ள சின்னத் திருகு இருக்கும், அதை ஸ்க்ரூடிரைவரால் திருகி அளவு வைக்க வேண்டும். எத்தனையில் வைப்பது? 12-இல் வைக்கலாம் என்றுதான் தோன்றும். ஆனால் இந்த மாட்யூல் இறக்கத்தான் செய்யும், ஏற்றாது. வெளியே விடுவதைவிட உள்ளே ஒரு வோல்டாவது அதிகம் வந்தால்தான் அதனால் பிடித்து நிறுத்த முடியும். பேட்டரியே 12.4-இல் இருக்கும்போது 12 கேட்டால் எங்கே போகும்? நான் 11-இல் வைத்தேன். மீதி 2 வோல்டை 150-ஆல் வகுத்தால் 13 மில்லி ஆம்பியர். முழு வெளிச்சத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ஆம்னி அளவு இடத்துக்கு இரண்டு மீட்டர் ஸ்ட்ரிப் அந்த வெளிச்சத்திலேயே தாராளம், கண் கூசாது. என்ஜின் ஓடினாலும் நின்றாலும் துளி வித்தியாசம் தெரியாது. பெரிய விளக்குக்கு என் தேர்வு இதுதான். ஸ்ட்ரிப்பை மாட்டும் முன் வெறும் மாட்யூலில் மல்டிமீட்டர் வைத்து 11-ஐப் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது திருகு எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாவது வழி, விளக்கையே ஆரம்பத்திலிருந்து 14.4-க்குக் கணக்குப் போட்டுச் செய்வது. எனக்கு மிகவும் பிடித்த வழி. கடையில் வாங்காமல் தனித்தனி எல்இடியாக வாங்கிச் சேர்த்தால் அது நம் கையில் இருக்கிறது. கட்டில் தலைமாட்டுக்கு அப்படி ஒரு படிக்கும் விளக்கு செய்தேன். அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடி வரிசையாக இருந்ததால் ரெசிஸ்டருக்கு வெறும் 3 வோல்ட்தான் மிஞ்சியது. அதனால்தான் 2.4 வோல்ட் கூடியதும் கணக்கு குலைந்தது. ரெசிஸ்டர் கையில் நிறைய வோல்ட் இருந்தால் அதே 2.4 அதற்குச் சின்னத் தொகை. ஆகவே மூன்றுக்குப் பதில் இரண்டே வெள்ளை எல்இடி வரிசையாக. 14.4-இல் 6 போக மீதி 8.4. இதற்கு 20 மில்லி ஆம்பியர் தாண்டக் கூடாது என்றால் 420 ஓம் வேண்டும். கடையில் கிடைக்கும் அடுத்த பெரிய அளவு 470. போட்டுப் பாருங்கள்: 14.4-இல் 18 மில்லி ஆம்பியர், 12-இல் 13. ஸ்ட்ரிப் 20-இலிருந்து 36-க்குத் தாவியது, இது 13-இலிருந்து 18-க்கு நகர்கிறது. எப்போதும் 20-க்குள். ரெசிஸ்டரில் கொஞ்சம் அதிகம் வீணாகிறது என்பது உண்மைதான், ஆனால் இவ்வளவு சின்ன விளக்கில் அது பொருட்டே இல்லை. கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும்.

பொருள்: 5 மில்லிமீட்டர் வெள்ளை எல்இடி ஆறு, 470 ஓம் ரெசிஸ்டர் மூன்று, ஓட்டை போட்ட டாட் போர்டு ஒரு துண்டு, வீட்டில் டப்பா தொலைந்துபோய் மூடி மட்டும் மிஞ்சிய எவர்சில்வர் மூடி ஒன்று. எல்லா வீட்டிலும் அப்படி ஒரு மூடி இருக்கும். வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மற்றதெல்லாம் கிடைக்கும். எல்இடி வாங்கும்போது வார்ம் ஒயிட் என்று கேளுங்கள். மஞ்சள் சாயலுள்ள வெளிச்சம் தூங்கப் போகும் கண்ணுக்கு இதம். மழை விட்ட ராத்திரியில் வெள்ளை விளக்குக்கு வரும் ஈசல் கூட்டமும் இதற்குக் கொஞ்சம் குறையும்.

470 ஓம் ரெசிஸ்டரின் உடம்பில் மஞ்சள், ஊதா, பழுப்பு என்று மூன்று வளையம், தள்ளி ஒரு தங்க வளையம். எல்இடியின் நீளமான கால் பிளஸ். கால் வெட்டிவிட்ட எல்இடியாக இருந்தால் விளிம்பைத் தடவிப் பாருங்கள், ஓரிடத்தில் வட்டம் தட்டையாக இருக்கும், அந்தப் பக்கம் மைனஸ். டாட் போர்டை மூடிக்குள் உட்காரும்படி வட்டமாக அறுத்துக்கொண்டு, ஒரு வரிசைக்கு இப்படிக் கோர்க்க வேண்டும்: பிளஸ் ஒயரிலிருந்து ரெசிஸ்டர், ரெசிஸ்டரிலிருந்து முதல் எல்இடியின் நீளக் கால், அதன் குட்டைக் காலிலிருந்து இரண்டாவதின் நீளக் கால், அதன் குட்டைக் காலிலிருந்து மைனஸ் ஒயர். இதே மாதிரி மூன்று வரிசை. மூன்றின் பிளஸ்களும் ஒன்றாக, மைனஸ்களும் ஒன்றாக. மூன்று வரிசைக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டுச் சிக்கனம் பிடிக்காதீர்கள். எந்த இரண்டு எல்இடியின் மட்டமும் அச்சாக ஒன்றாக இருக்காது. மட்டம் குறைந்த வரிசை மற்றவற்றின் பங்கையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

பற்றவைப்பது புதிதாகச் செய்பவருக்கு நடுக்கமாக இருக்கும். 25 வாட் அயர்ன் போதும். அயர்னின் நுனியால் எல்இடி காலையும் போர்டின் செம்பு வளையத்தையும் சேர்த்து இரண்டு எண்ணும்வரை சூடாக்கிவிட்டு, அப்புறம் ஈயக் கம்பியைக் காலில் தொடுங்கள், அயர்னில் அல்ல. ஈயம் உருகி, காலைச் சுற்றிக் கூடாரத் துணி மாதிரி சரிந்து இறங்க வேண்டும். உருண்டையாக மணி மாதிரி நின்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், இன்னொரு முறை சூடாக்குங்கள். ஒரு காலில் மூன்று நான்கு விநாடிக்கு மேல் அயர்னை வைக்காதீர்கள், எல்இடி தாங்காது.

எவர்சில்வர் மின்சாரம் கடத்தும். போர்டின் பின்பக்கம் நேராக மூடியில் பட்டால் எல்லாம் ஷார்ட். பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு வட்டம் வெட்டி நடுவில் வைத்துவிட்டேன். ஒயர் வெளியே வரும் ஓட்டையின் விளிம்பை அரத்தால் மழித்து, ஒரு ரப்பர் புஷ் மாட்டினேன். மாட்டும் முன் மல்டிமீட்டரை வரிசையில் சேர்த்து அளந்து பார்த்தேன். என்ஜின் நிற்கும்போது மொத்தம் 42 மில்லி ஆம்பியர், ஸ்டார்ட் செய்ததும் 52. ஒரு வரிசைக்கு 14, 17. காகிதத்தில் போட்ட கணக்கு மீட்டரில் அப்படியே வந்து நின்றபோது எனக்கு இருந்த மகிழ்ச்சியை இங்கே எழுதிக் காட்ட முடியாது. நீங்களும் கண்டிப்பாக அளந்து பாருங்கள். எரியவே இல்லையென்றால் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும், ஒயரை மாற்றிக் கொடுத்தால் போதும்.

ஒயருக்கு வருவோம். 24 வாட் விளக்கு வீட்டில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர்தான் இழுக்கும். 12 வோல்டில் அதே 24 வாட் 2 ஆம்பியர். வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியர் கூட வேண்டும். ஆம்பியர் கூடினால் மெல்லிய ஒயர் வழியிலேயே வோல்டைத் தின்றுவிடும். ஆம்னி சின்ன வண்டிதான், ஆனால் ஒயர் மூலை முடுக்கெல்லாம் சுற்றிப் போனால் பேட்டரியிலிருந்து பின்கதவு வரை 5 மீட்டர் ஆகிவிடும். போக 5, வர 5. காலிங் பெல்லுக்கு இழுக்கிற மெல்லிய ஒயரில் 2 ஆம்பியர் ஓட்டினால் இந்தப் பத்து மீட்டரில் ஒன்றரை வோல்டுக்கு மேல் காணாமல் போகும். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 0.36 வோல்ட்தான் குறையும். கடையில் ‘ஒன் ஸ்கொயர்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பல இழை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒற்றைக் கம்பி ஒயர் சுவருக்குச் சரி, குலுங்கும் வண்டியில் ஒரு நாள் முறிந்துவிடும். வண்டியில் மைனஸை பாடியில் எர்த் செய்துவிடுவது வழக்கம். நான் கறுப்பு ஒயரையும் பேட்டரிவரை தனியாக இழுத்தேன். துருப்பிடித்த ஒரு போல்ட்டைத் தேடிக்கொண்டு ராத்திரியில் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம்.

ஃபியூஸ். 12 வோல்ட் நம்மை ஷாக் அடிக்காது, ஆனால் வண்டியை எரிக்கும். பேட்டரியின் பிளஸும் மைனஸும் தவறி ஒன்றோடொன்று பட்டால் அது நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். என்ஜினைச் சுற்றுவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்த வேகத்தில் 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் சில விநாடியில் பழுக்கும், மேலுறை பற்றிக்கொள்ளும், மேலே மெத்தையும் திரைத்துணியும் இருக்கின்றன. ஆகவே பிளஸ் ஒயரில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் வைத்து ஒரு பயனும் இல்லை. ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல, ஒயரை. அது எங்கே இருக்கிறதோ அதற்கு அப்பால் உள்ள ஒயரைத்தான் காக்கும். என் விளக்குகள் மொத்தமாக ஒரு ஆம்பியரைத் தாண்டாது, ஊதா நிறத்தில் வரும் 3 ஆம்பியர் பிளேட் ஃபியூஸ் வைத்தேன்.

இது வெறும் புத்தக எச்சரிக்கை அல்ல. முதல் தடவை மாட்டியபோது பின்கதவுத் தூணில் ஒயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் புஷ் போட மறந்துவிட்டேன். ஆலங்காயம் தாண்டி மலை ஏறும்போது விளக்கு மொத்தமாக அணைந்தது. பிரித்துப் பார்த்தால் தகர விளிம்பு ஒயரின் தோலை அறுத்துச் செம்பு தெரிந்தது. தகரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. ஃபியூஸ் மட்டும் வெந்துபோயிருந்தது. உள்ளே இரண்டு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டையையும் விரல் விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் ஒயர் நுழைக்கிறேன்.

மற்றபடி ஸ்ட்ரிப்பின் பின்னால் உள்ள பசையை நம்பாதீர்கள், நம் ஊர் வெயிலில் அது இளகி, ஸ்ட்ரிப் பாதி தொங்கும். அலுமினியம் சேனலுக்குள் ஒட்டி, சேனலை ஸ்க்ரூ போட்டு மாட்டினால் விழவும் விழாது, சூடும் இறங்கும். பேட்டரியில் கை வைக்கவே தயக்கமாக இருந்தால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் குத்தும் பிளக் ஒன்று வாங்கி அதிலிருந்து எடுத்து ஆரம்பியுங்கள். அதற்கு வண்டியிலேயே ஃபியூஸ் இருக்கும். என்ன, பல வண்டிகளில் சாவி போட்டால்தான் அதில் மின்சாரம் வரும்.

பேட்டரி தாங்குமா என்று கேட்பீர்கள். 11 வோல்டில் எரியும் இரண்டு மீட்டர் ஸ்ட்ரிப் பேட்டரியிலிருந்து அரை ஆம்பியர் சொச்சம் இழுக்கிறது. நாலு மணி நேரம் எரித்தால் இரண்டேகால் ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு). மூடி விளக்கு ராத்திரி முழுக்க எரிந்தாலும் அரை ஆம்பியர்-அவர்கூட ஆகாது. சின்ன வண்டியின் பேட்டரி 35 ஆம்பியர்-அவர் அளவில் இருக்கும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடக் கூடாது என்று வைத்துக்கொண்டாலும், மூன்று ராத்திரி விளக்குக்குக் கவலை இல்லை. ஆனால் மே மாதத்தில் இந்தப் பக்கம் எவரும் விளக்கோடு நிறுத்துவதில்லை, ஃபேன் வேண்டும் என்பார்கள். ஒரு ஆம்பியர் இழுக்கும் சின்ன ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 8 ஆம்பியர்-அவர், விளக்குகளைப் போல மூன்று மடங்கு. ஃபேன் வந்த அன்றே இரண்டாவது பேட்டரி ஒன்று தனியாக வேண்டும், அது இன்னொரு நாள் பேச வேண்டிய பெரிய விஷயம்.

கடைசியாக ஒரு சின்ன விளக்கு. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 1986 முதல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி வேலை செய்கிறது. இரவு வானம் இருட்டாக இருப்பதால்தான் ஜவ்வாது மலையில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மலையில், தெரிந்தவர் ஒருவரின் சாமை வயலோரம் வண்டியை நிறுத்தித் தங்கினோம். அங்கே வெள்ளை விளக்கு போட்டால் வானத்தைப் பார்க்கவே முடியாது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் பட்டால் அத்தனையும் போய்விடும். மங்கலான சிவப்பு அவ்வளவாகக் கெடுக்காது, இருட்டில் பார்க்க உதவும் விழித்திரைச் செல்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. மூன்று சிவப்பு எல்இடியை ஒரே வரிசையில் போட்டால் 6 வோல்ட், அதாவது இரண்டு வெள்ளைக்குச் சமம். ஆகவே மீந்திருந்த அதே 470 ஓம் ரெசிஸ்டரே இதற்கும் சரியாக வந்தது. ஒரே ஒரு வரிசை, ஒரு மருந்து டப்பா மூடிக்குள், கால் வைக்கும் இடத்துக்கு மேலே. சிவப்பு வெளிச்சம் முன்கண்ணாடி வழியே ரோட்டுக்குத் தெரியாதபடி திரையை இழுத்துவிட வேண்டும், எதிரே வருபவர் பின்விளக்கு என்று எண்ணிவிடுவார்.

இரண்டு சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் முதல் ராத்திரியே மச்சான் தவறுதலாக வெள்ளையைப் போட்டுவிட்டார், வெளியே நின்ற எல்லோரும் கண்ணைப் பொத்திக்கொண்டோம். மறுநாள் சிவப்பு சுவிட்சின் தலையில் எம்-சீல் கொஞ்சம் உருட்டி ஒரு பொட்டு வைத்தேன். இப்போது மச்சான் பெண் இருட்டில் வேனுக்குள் கையை விட்டு, விரலால் அந்தப் பொட்டைத் தேடிப் பிடித்துத்தான் போடுகிறாள்.